வோல்டேஜ் குறைந்தால் ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டாதீர்கள்

ஜெனரேட்டரில் அதிகம் நடக்கும் தவறு, வோல்டேஜ் குறைந்ததும் கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஸ்க்ரூவைத் திருகி இன்ஜின் வேகத்தை ஏற்றுவது. காந்தமாகிய ரோட்டார் செம்புச் சுருள்களுக்கு நடுவே சுழலும்போது, சுருளைக் கடக்கும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம்தான் கம்பியில் மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது; 1831-இல் ஃபாரடே கண்டது இதைத்தான். வேகம் கூடினால் வோல்டேஜ் கூடும், உண்மைதான். ஆனால் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண்ணும் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை சுற்று திசை மாறுகிறது என்ற கணக்கு) கூடவே ஏறும். நான்கு துருவ ரோட்டார் 1500 ஆர்.பி.எம்.-இல் சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ்; இரு துருவச் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டருக்கு 3000.

ஆகவே முதலில் ஹெர்ட்ஸ் பாருங்கள். மெக்கானிக்கல் கவர்னரில், லோடு இல்லாதபோது 52 வரை காட்டுவது இயல்பு. முழு லோடில் 50-க்கு இறங்கும். ஹெர்ட்ஸ் சரியாக இருந்தும் வோல்டேஜ் குறைகிறதா? வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர்., சுழலும் ரோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் தேய்ந்த கார்பன் பிரஷ், அழுக்கேறிய ஸ்லிப் ரிங் ஆகியவற்றைப் பாருங்கள்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஜெனரேட்டர் ஓடும், ஆனால் மீட்டரில் ஓரிரு வோல்ட்கூட வராது. உடனே வைண்டிங் போய்விட்டதென்று பிரித்துப்போட வேண்டாம். ரோட்டார் இரும்பில் தங்கியிருந்த மிச்சக் காந்தம் போயிருக்கலாம். அது தரும் முதல் சில வோல்ட் இல்லாமல் ஏ.வி.ஆர். வேலையைத் தொடங்காது. இன்ஜினை நிறுத்தி, ரோட்டாரைக் காந்தமாக்கும் மின்சாரம் போகும் ஃபீல்டு வயர்கள் இரண்டையும் ஏ.வி.ஆர்.-இலிருந்து கழற்றி, பிளஸ் மைனஸ் மாறாமல் 12 வோல்ட் பேட்டரியைச் சில நொடி கொடுத்தால் காந்தம் திரும்பும். ஏ.வி.ஆர்.-ஐக் கழற்றாமல் கொடுத்தால் அது எரிந்துபோகும். லோடோடு இன்ஜினை அணைக்கும் பழக்கமும் இந்தக் காந்தத்தைக் கெடுக்கும். முதலில் லோடை எடுங்கள்.

மோட்டாருக்கு ஜெனரேட்டர் வாங்கும்போது ஓடும் ஆம்பியரை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. மூன்று பேஸ் 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 7.5 ஆம்பியர்தான் எடுக்கும். நேரடியாகக் கிளப்பினால் அந்த நொடியில் அதன் ஆறு மடங்கு, 45 ஆம்பியர். 10 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் தருவதோ 14 ஆம்பியர். சுருளில் பாயும் மின்னோட்டமே ரோட்டாரை எதிர்த்து இழுப்பதால் இன்ஜின் திணறும், வோல்டேஜ் சரியும், மோட்டார் உறுமியபடி நிற்கும். மோட்டாரை முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பிப் பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்டர் போட்டால் கிளப்பும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

வீட்டு பிளக் பாயிண்ட் வழியாக ஜெனரேட்டர் கரண்டைக் கொடுப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அது தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் எதிர்த்திசையில் நுழைந்தால் 11,000 வோல்டாக உயரும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் லைன்மேன் ஏறியிருப்பார். வீட்டை ஒரே நேரத்தில் லைன் அல்லது ஜெனரேட்டர் ஒன்றோடு மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்கள்; ஒற்றை பேஸுக்கு இரண்டு கம்பிகளை (2-pole), மூன்று பேஸுக்கு நான்கு கம்பிகளை (4-pole) என்று நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பதாக அது இருக்கட்டும்.