ரப்பர் இறால் போட்டு மீன் பிடிக்கிறப்ப பண்ற தப்புங்க

முகத்துவாரத்துல நாள் முழுக்க சாஃப்ட் பிளாஸ்டிக் இறாலை வீசிட்டு ஒரு கொத்து கூட இல்லன்னு திரும்புறவங்க நிறைய பேரு, உடனே லூர் (மீனை ஏமாத்துற செயற்கை இரை) சரியில்லன்னு அடுத்த கலர் வாங்கப் போயிடுறாங்க. பெரும்பாலும் தப்பு லூர்ல இல்லைங்க, இழுக்கிற கையில இருக்கு.

ஒரு தடவை உயிர் இறால் ரெண்டை பக்கெட்ல விட்டு பத்து நிமிஷம் பாருங்க. சும்மா இருக்கும்போது வயித்துக்கு அடியில இருக்கிற குட்டிக் கால்களைத் துடுப்பு மாதிரி அடிச்சுக்கிட்டு மெதுவா முன்னால நகரும், கையை உள்ள விட்டீங்கன்னா வாலை உள்பக்கமா ஒரு மடக்கு மடக்கி சடக்குன்னு பின்பக்கமா பாயும், அப்புறம் அப்படியே மெல்ல கீழ இறங்கும். கொடுவாவோ களவாவோ, நிறைய கடி அந்த இறங்குற நேரத்துலதான் விழும். ஆனா நம்மாளுங்க மீன் மாதிரி லூரை இழுத்துப் பழகின கையோட வீசின உடனே ரீலை நிறுத்தாம சுத்திக்கிட்டே வர்றாங்க, எந்த இறால் அப்படி நேர்கோட்டுல ஓடுது சொல்லுங்க?

வீசினதும் தரை தொடுற வரைக்கும் விடுங்க. ராட் (தூண்டில் கோல்) நுனியால சின்னதா ரெண்டு தட்டு, அப்புறம் 3-ல இருந்து 5 செகண்ட் சும்மா இருங்க. அந்த நேரம் நரம்பு (தூண்டில் நூல்) விறைப்பாவும் இருக்கக்கூடாது, தொளதொளன்னு வளைஞ்சும் கிடக்கக்கூடாது, கண்ணு மட்டும் நரம்பு மேலயே இருக்கணும். தண்ணிக்குள்ள இறங்கிக்கிட்டிருந்த நரம்பு தரைக்கு முன்னாடியே நின்னுச்சுன்னா, இல்ல ஒரு விரக்கடை பக்கவாட்டுல நகர்ந்துச்சுன்னா, மீன் வாயில வச்சிருக்குன்னு அர்த்தம். கைக்கு ஒண்ணுமே தெரியாது, அதனாலதான் நிறைய மீனு நமக்குத் தெரியாமயே துப்பிட்டுப் போயிடுது.

அடுத்தது வெயிட். தூரமா போகணும்னு கனமான ஜிக் ஹெட் (முள்ளோட சேர்ந்த ஈயத் தலை) போட்டா கல்லு மாதிரி தொப்புன்னு போய் விழும், அப்புறம் என்ன இறங்குற அழகு இருக்கு. ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் ஆழம், தண்ணி ஓட்டமும் இல்லன்னா 3 கிராமே போதும், ஓட்டம் இழுக்குற இடத்துல மட்டும் 7, 10-னு ஏத்திக்கலாம், தரை தட்டுறது லேசா தெரிஞ்சா அதுதான் சரியான வெயிட்டு.

தூண்டில் முள்ளை லூர்ல கோணலா குத்துறது இன்னொரு தப்பு, உடம்பு ஒரு துளி வளைஞ்சாலும் இழுக்கும்போது பம்பரமா சுத்தி நரம்பு முறுக்கிக்கும். சில இறால் லூர்ல நரம்பு கட்டுற வளையம் வால் பக்கம் இருக்கும், அதைப் பார்த்து தலைகீழா செஞ்சிருக்காங்கன்னு நினைச்சு முள்ளைக் கழட்டி தலைப் பக்கமா மாத்தாதீங்க, பயந்த இறால் பின்னாலதான் பாயும்னு தெரிஞ்சுதான் அப்படி செஞ்சிருக்காங்க.

கலர் விஷயத்துல சிவப்பு இறாலைத் தேடாதீங்க, முகத்துவாரத்து இறால் பெரும்பாலும் செவக்கிறது வெந்தப்புறம்தான். தெளிஞ்ச தண்ணிக்கு கண்ணாடி மாதிரி லேசான பழுப்பு, கலங்கலுக்கு நல்லா அடர்த்தியான கலர், இவ்வளவு போதும்.

நேரம் பார்க்காம போறதையும் சொல்லணும். வத்தம் இறங்கும்போது, அதாவது கடல் தண்ணி வடியிறப்ப, அலையாத்தி வேருக்குள்ள இருந்த இறாலெல்லாம் சின்னச் சின்ன வாய்க்கா வழியா வெளிய வந்தாகணும், மீனுக்கு அது தெரியும், வாய்க்கா வாயிலயே வந்து நிக்கும். அதை விட்டுட்டு நடு ஆத்துல வீசினா கை வலிதான் மிச்சம்.

கடைசியா லூர் வைக்கிற பெட்டி. வேற வேற வகை பிளாஸ்டிக்கை ஒரே அறையில கலந்து போடாதீங்க, நான் அப்படிப் போட்டு வெயில்ல வச்சு அடுத்த வாரம் திறந்தப்ப ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டி, ஒரே கோந்து உருண்டையா இருந்துச்சு, பெட்டியோட அடியும் சேர்ந்து இளகிடுச்சு. வாங்கின கவர்லயே வைங்க. கிழிஞ்சதைத் தண்ணியில போட்டுடாதீங்க, மீன் முழுங்குனா வயித்துல செரிக்காம அப்படியே கிடக்கும், பாக்கெட்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க.