இரவு எட்டரைக்கு உங்கள் ஹாலில் எத்தனை லக்ஸ்?

விளக்கு வாங்கக் கடைக்குப் போனால் நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பளிச்சுன்னு இருக்குமா?" அதனால் ஹால், படுக்கையறை, சமையலறை என்று வீடு முழுக்க ஒரே 6500 கெல்வின் வெள்ளை டியூப் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், அது கூடக்கூட நீலம் கூடும்). எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு பகலில் கண் சொக்கும், இரவு பன்னிரண்டானாலும் தூக்கம் வராது. ஒரு நாள் சும்மா போனில் லக்ஸ் மீட்டர் செயலியைப் போட்டுப் பார்த்தேன். லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. காலை 11 மணிக்கு என் மேஜையில், கண் மட்டத்தில் 70 லக்ஸ். இரவு 9 மணிக்கு ஹாலில், இரண்டு டியூபும் எரியும்போது 110. எல்லாம் தலைகீழ்.

அதைத் திருத்தியதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். சுவரை உடைக்க வேண்டியதில்லை, வாடகை வீட்டிலும் செய்யலாம்.

முதலில் கொஞ்சம் காரணம்

விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் இருப்பது பள்ளியில் படித்ததுதான். அவை போக, வெளிச்சத்தை நேரடியாக உணரும் இன்னொரு வகை நரம்புச் செல்களும் அங்கே உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழு இதை 2002-ல் காட்டியது. இந்தச் செல்களில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்குத்தான் அது அதிகம் அசையும். இவற்றின் முக்கிய வேலை உருவம் காட்டுவது இல்லை, இப்போது பகலா இரவா என்று மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புவது. இரவில் நீலம் மிகுந்த வெளிச்சம் பட்டால், இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். தூக்கமும் கூடவே தள்ளிப்போகும்.

இந்தச் செல்கள் உணரும் அளவை மெலனாப்பிக் லக்ஸ் என்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 2022-ல் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். பகலில் கண்ணுக்குக் குறைந்தது 250, படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் அதிகபட்சம் 10, தூங்கும்போது 1-க்கு மேல் கூடாது. இந்த மூன்று எண்களும் நினைவில் இருந்தால் போதும்.

படி 1: கண் இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள்

பலரும் போனை மேஜைமேல் மல்லாக்க வைத்து அளப்பார்கள். அது மேஜைக்கு விழும் வெளிச்சம். நமக்கு வேண்டியது கண்ணுக்குள் போவது. வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, போனை முகத்தருகே நிமிர்த்திப் பிடியுங்கள். நீங்கள் பார்க்கும் திசையையே போன் திரையும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் ஒளி உணரி திரைப் பக்கம் மேலே இருக்கும். எண் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை. 70-க்கும் 250-க்கும் உள்ள வித்தியாசம் அதில் நன்றாகவே தெரியும்.

போன் காட்டுவது சாதாரண லக்ஸ். அதை மெலனாப்பிக் லக்ஸாக மாற்ற ஒரு சின்னப் பெருக்கல். 6500 கெல்வின் எல்.இ.டி. என்றால் வந்த எண்ணை 0.9 ஆலும், 4000 என்றால் 0.6 ஆலும், 2700 வார்ம் ஒயிட் என்றால் 0.4 ஆலும் பெருக்குங்கள். பகல் வெளிச்சத்துக்குப் பெருக்க வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இவை தோராயமான கணக்குகள்தான், பல்புக்குப் பல்பு மாறும்.

என் கணக்கைப் பாருங்கள். பகலில் 63, தேவையில் கால்வாசி. இரவில் 99, வரம்பைப்போல் பத்து மடங்கு.

படி 2: பகலுக்கு ஜன்னல்

பகல் கணக்கை விளக்கு போட்டுச் சரிக்கட்ட நான் முதலில் முயன்றேன். 20 வாட் டியூப் ஒன்று சுமார் 2000 லூமன் (விளக்கு வெளிவிடும் மொத்த வெளிச்சத்தின் அளவு) தரும். பத்துக்குப் பத்து அறையில் அது பரவி, சுவரில் பட்டு, கண்ணுக்கு வரும்போது நூறு லக்ஸைக்கூடத் தொடவில்லை. 250 வேண்டுமென்றால் அறையில் நான்கு டியூப் எரிய வேண்டும். கரண்ட் பில்லை விடுங்கள், கண் கூசியே தலை வலிக்கும்.

வெளியில் மேகமூட்டமான நாளிலேயே 10,000 லக்ஸ் கிடக்கிறது. அதனால் மேஜையைத் தூக்கி ஜன்னலோரம் போட்டேன். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். ஒரு மீட்டர் தள்ளினால்கூட எண் கடகடவென்று இறங்கும், போனை வைத்துக்கொண்டே இடம் தேடுங்கள். எனக்கு இப்போது 600-க்குக் குறைவதில்லை.

வெயில் பயம் நியாயம்தான். மேற்கு ஜன்னல் மதியத்துக்கு மேல் அனல் கக்கும். வடக்கு ஜன்னல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கே போய்விடுங்கள். இல்லையென்றால் கனத்த மெரூன் திரையைக் கழற்றிவிட்டு மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியை மாட்டுங்கள். ஜன்னலே சரியில்லாத வீடா? காலைக் காபியை மொட்டை மாடியில் குடியுங்கள்.

படி 3: இரவுக்குத் தனி விளக்கு, தனி ஸ்விட்ச்

மேலே சொன்ன பெருக்கல் இங்கேதான் கைகொடுக்கிறது. வெள்ளை டியூபில் போன் 11 காட்டினாலே வரம்பு முடிந்தது. வார்ம் ஒயிட்டில் 25 வரை போகலாம். வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல எல்.இ.டி.மேல், நீலத்தை வேறு நிறமாக மாற்றும் மஞ்சள் பாஸ்பர் பொடி பூசியதுதான். வார்மில் அந்தப் பூச்சு நீலத்தை அதிகமாக விழுங்கிவிடுகிறது.

25 லக்ஸ் என்பது அப்படியொன்றும் இருட்டு இல்லை. எங்கள் ஹாலில் 5 வாட் வார்ம் பல்பு ஒன்று, சோபாவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் ஹாலுக்கு. பல்பு கண்ணில் படுவதே இல்லை. தனி ஸ்விட்ச் போட வழியில்லையென்றால், அணைத்து அணைத்துப் போட்டால் நிறம் மாறும் த்ரீ-இன்-ஒன் பல்பு வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: வெளிச்சத்தைக் குறைக்க மின்விசிறி ரெகுலேட்டரில் எல்.இ.டி.யைக் கோக்காதீர்கள். துடிக்கும், சீக்கிரம் போய்விடும்.

முதல் நாள் அம்மா கேட்டார்: "விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டை இப்படியாடா இருட்டாப் போடுவ?" அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. மூன்று மணி நேரக் கணக்கு படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி வருவது. பதினொன்றரைக்குப் படுப்பவர் எட்டரைக்குக் குறைத்தால் போதும். ஆறு மணிக்கு எல்லா விளக்கும் தாராளமாக எரியட்டும்.

அரிசியில் கல் பார்க்கவும் கீரை ஆயவும் 25 லக்ஸ் போதாது, அதிலும் அம்மாவுக்கு. அறுபது வயதில் கண்ணின் பாவை சுருங்கி லென்ஸும் மஞ்சளித்துவிடுவதால், இருபது வயதுக்காரரைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். எங்கள் சமையலறை விளக்கோ முதுகுக்குப் பின்னால். நறுக்கும் இடத்தில் நம் நிழலே விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டையை ஒட்டினேன். மேடைக்கு நல்ல வெளிச்சம், நிற்பவர் கண்ணுக்கு நேராக எதுவும் வராது. அட்டையில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண்) 90 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். காய்கறியின் நிறம் அப்போதுதான் உள்ளபடி தெரியும்.

படி 4: துடிப்பைப் பிடியுங்கள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான எல்.இ.டி. விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி தரும். போன் கேமராவின் ஸ்லோ மோஷனில் பல்பைப் படமெடுங்கள். மினுக்கினால் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு துடிப்பை நாமே வரவழைக்கிறோம். ஃபால்ஸ் சீலிங்கில், மின்விசிறி இறக்கைக்கு நேர் மேலே விளக்கு வைப்பது. நிமிடத்துக்கு 300 சுற்று, மூன்று இறக்கை என்றால் விநாடிக்கு 15 முறை நிழல் வெட்டும். அதற்கடியில் உட்கார்ந்து பிள்ளைகள் படிக்க முடியாது. விளக்குகளை இறக்கை வட்டத்துக்கு வெளியே தள்ளச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் முன்பே பேசிவிடுங்கள்.

படி 5: படுக்கையறை

நைட் லேம்ப் என்றாலே நீலம் என்று யார் ஆரம்பித்துவைத்தார்களோ, இருப்பதிலேயே தப்பான நிறம் அதுதான். முடிந்தால் விளக்கே வேண்டாம். பாத்ரூம் போக வழி தெரிய வேண்டுமென்றால் முழங்காலுக்குக் கீழே உள்ள பிளக்கில், ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் மிகச் சிறிய ஒன்று போதும். தலையணையில் படுத்தபடி அளந்து பாருங்கள், போன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு. 0 அல்லது 1 காட்ட வேண்டும். எனக்கு முதலில் 4 காட்டியது. எங்கிருந்து வருகிறது என்று தேடினால், ஜன்னலுக்கு எதிரே தெருவிளக்கு. ஹாலிலிருந்து கழற்றிய அந்த மெரூன் திரை இப்போது அங்கே தொங்குகிறது.