எலி ஓட்டையை அடைக்கும் முன் எலிப் பல்லை அறியுங்கள்

சுவரிலுள்ள எலி ஓட்டையைத் துணியாலோ களிமண்ணாலோ அடைத்துவிட்டு, அடுத்த வாரமே அதே இடம் மீண்டும் திறந்து கிடப்பதைப் பார்த்துச் சலித்துப்போகாத வீடு அரிது. எதைக் கொண்டு அடைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எலியின் பல்தான்.

எலி, அணில், முள்ளம்பன்றி உள்ளிட்ட கொறித்துண்ணிகள் எல்லாவற்றுக்கும் மேல்தாடையில் இரண்டு, கீழ்த்தாடையில் இரண்டு என நான்கே வெட்டுப்பற்கள் உண்டு, கோரைப்பல் கிடையாது. அந்த நான்கும் உயிருள்ளவரை வளரும். எலிக்கு ஆண்டில் 10 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடும். முன்புறத்தில் மட்டும் கடினமான எனாமல் இருப்பதால், பற்கள் ஒன்றோடொன்று உரசும்போது மென்மையான பின்புறம் விரைவாகத் தேய்ந்து, முன்விளிம்பு தச்சரின் உளியைப் போல எப்போதும் கூராகவே நிற்கிறது. வெட்டுப்பற்களுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் உதட்டை உள்ளே மடித்து வாயை அடைத்துக்கொள்வதால், கொறிக்கும் தூள் தொண்டைக்குள் போவதில்லை. எனவே தின்ன முடியாத பொருளை வைத்தால் எலி விட்டுவிடும் என்று நம்புவது வீண்.

முதலில் வந்திருப்பது எலிதானா என்று உறுதி செய்யுங்கள். எங்கள் சமையலறைக் கதவின் அடிமூலையை டார்ச் அடித்துப் பார்த்தபோது, சிறு உளியால் செதுக்கியது போன்ற இரட்டைக் கோடுகளும், கீழே வெளிறிய மரத்தூளும் தெரிந்தன. தூளும் கடித்த இடமும் வெளிறியிருந்தால் கடி புதியது, கறுத்திருந்தால் பழையது. கீச்சிட்டபடி சுவரோரம் ஓடும் மூஞ்சூறு கொறித்துண்ணியே அன்று. பூச்சிகளைத் தின்னும் அதன் பற்கள் மரத்தைச் செதுக்கும் அமைப்புடையவை அல்ல. தயவுசெய்து அதைக் கொல்லாதீர்கள்.

அடுத்து, மாலையில் ஒவ்வோர் ஓட்டையிலும் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகுங்கள். காலையில் எந்த ஓட்டையில் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ, அதுவே எலியின் வழி. மற்றவற்றை உடனே அடைத்துவிட்டு, அந்த வழியருகே, சுவரை ஒட்டியே பொறியை வையுங்கள். எலி புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கும் இயல்புடையது. ஆதலால் முதல் இரண்டு மூன்று இரவுகள் பொறியைப் பூட்டாமல் தேங்காய்ச் சில்லையோ மசால் வடையையோ மட்டும் வைத்துப் பழக்குங்கள். தொடர்ந்து சில நாள் காகிதம் அசையாதிருந்த பின்பே கடைசி ஓட்டையை அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் எலி உள்ளேயே சிக்கி வேறு வழி குடையும்.

அடைப்பதற்கு மரம், பிளாஸ்டிக், தெர்மோகோல், நுரைப்பசை எதுவும் உதவாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுகத் திணித்து, அதன்மேல் சிமென்ட் கலவை பூசுங்கள். கதவின் அடிவிளிம்பில் தகரம் அடியுங்கள். சாக்கடைக் குழாய் வாய்க்கும் காற்றுத் துளைக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள இரும்பு வலை தேவை. ஒரு பென்சில் நுழையும் இடைவெளி சுண்டெலிக்குப் போதும்.

விஷம் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. விஷம் தின்ற எலி கை எட்டாத இடுக்கில் செத்து நாறும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் பூனையும்கூட மடியும். எலிப் புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்காமல், கையுறை அணிந்து, பிளீச்சிங் கரைசலால் நனைத்துச் சில நிமிடங்கள் ஊறவிட்டுத் துடையுங்கள். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாகவே பரவுவதால், காலில் புண்ணுள்ளவர்கள் அந்த ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்கக் கூடாது.