அம்மா "முடியும்" என்றால் நம்பாதீர்கள்

ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கோலாலம்பூருக்கு அழைத்து வருபவர்களுக்கு இது. விசா பாஸ், காப்புறுதி வேலைகளைக் கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் எடுத்த எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு எல்லாம் கையோடு வரட்டும். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு. உள்ளூர்க்காரர் கட்டும் 1 ரிங்கிட்டை நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

நாங்கள் அடிபட்டது வேறு இடத்தில். அம்மாவுக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி இறுகிப்போகும் நோய். டாக்டரைப் பார்க்குமுன் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். ஹெச்.ஏ.க்யூ. (ஹெல்த் அசெஸ்மென்ட் க்வெஸ்சனேர்) என்பார்கள், அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று பார்ப்பது, 1980இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வெளிவந்தது. உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, நடப்பது என்று 8 பிரிவுகளில் 20 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் சிரமமே இல்லையென்றால் 0, முடியவே இல்லையென்றால் 3.

நான்தான் தமிழில் கேட்டேன். "சட்டை பட்டன் போட முடியுதாம்மா?" "அதெல்லாம் முடியும்ப்பா." தொட்டியில் குளிக்க? "நம்ம வீட்டுல தொட்டியே இல்லையே, என்ன கஷ்டம்?" அதற்கும் 0 போட்டேன். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். விரல்களை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான்கு மாதத்தில் விரல் கணுக்கள் வீங்கிவிட்டன.

அடுத்த இடத்தில் ஒரு தமிழ் நர்ஸ் அக்கா, "நேத்து ஜாக்கெட் கொக்கி யாரும்மா மாட்டிவிட்டா?" என்று கேட்டார். "மருமக" என்றார் அம்மா. ஆறு மாதமாக அவள்தான் மாட்டுகிறாள்! அடுத்தவர் கை பட்டாலோ, கம்பு, பிடி ஏதாவது வேண்டியிருந்தாலோ அந்தப் பிரிவுக்குக் குறைந்தது 2 போட வேண்டுமாம். நம் அம்மாக்களுக்கு வேலை எப்படியோ நடந்துவிட்டால் அது "முடியும்"தான்.

அதனால் கேள்வியை வீட்டுக்கு ஏற்ப மாற்றிக் கேளுங்கள். குழாயைத் திருகியது யார்? பால் பெட்டியைப் பிரித்தது யார்? தலைக்கு மேலே தட்டில் இருக்கும் இரண்டு கிலோ அரிசிப் பையை இறக்கியது யார்? காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரமாகிறது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். பதினொரு மணிக்கு டாக்டர் முன்னால் உட்காரும்போது கை இளகியிருக்கும்.

அந்தத் தாளில் கேட்பது ஐந்து படி. அம்மாவுக்குப் பத்துமலையின் 272 படி ஏற ஆசை. மருந்து மாற்றி இரண்டு மாதமாகிறது. ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தின வாரம் மனைவி காலண்டரில் குறித்துவைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில், "மேல் இரண்டு கொக்கி அத்தையே மாட்டினார்" என்று எழுதியிருக்கிறாள்.