பழைய மோட்டார் சைக்கிளுக்கு நிற வயரிங் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் இன்றும் ஓடுகின்ற ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125, சி.டி. 200 போன்ற வண்டிகளுள், தொழிற்சாலையில் பொருத்திய வயர் கட்டு கைபடாமல் இருக்கின்ற வண்டியைக் காண்பது அரிது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தட்டுப்பாடானபோது, பற்றரியைக் கழற்றிவிட்டு லைற்றை மக்னெற் கொயிலிலிருந்து (இயந்திரம் சுழலும்போது மின் தரும் சுருளிலிருந்து) நேரே எரிய வைத்து, தேவையற்றதென்று தோன்றிய வயர்களை வெட்டி ஒதுக்கியே பலர் வண்டி ஓட்டினார்கள். போர் முடிந்த 2009க்குப் பின்னர், வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டிகள் சில மீண்டும் திருத்தி எடுக்கப்பட்டபோது, கையில் கிடைத்த வயரே அவற்றுக்குள் போனது. இத்தகைய வண்டிக்கு நிறப் படம் வரைய முற்படுபவர் செய்கின்ற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: வயரின் நிறத்தைக் கண்டவுடன் அதன் வேலையும் தெரிந்துவிட்டதாக எண்ணிவிடுவது.

இணையத்தில் கிடைக்கும் தொழிற்சாலைப் படத்தைத் தரவிறக்கி, அதற்கு நிறம் தீட்டி, "இதுதான் என் வண்டி" என்று வைத்துக்கொள்வது முதலாவது தவறு. ஒரே பெயரில் வந்த வண்டி, விற்பனையான நாட்டுக்கும் ஆண்டுக்கும் ஏற்ப வேறு வயரிங் கொண்டிருக்கலாம். எம்.டி. 90 யப்பானிய அஞ்சல் விநியோகத்துக்கென்று செய்யப்பட்ட வண்டி. அதன் வயரிங்கை ஏற்றுமதிக்கான ஹொண்டா கப் வகைகளின் படத்தோடு ஒப்பிட்டால் எல்லா இடத்திலும் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. கப் வகை வண்டிகளே முதலில் 6 வோல்ற்றிலும் 1980களில் 12 வோல்ற்றிலும் வந்தவை. ஆகவே தொழிற்சாலைப் படத்தை ஒரு தாளிலும், வண்டியில் உண்மையில் இருப்பதை இன்னொரு தாளிலும் வைத்துக்கொள்வதே முறை. இரண்டையும் ஒரே தாளில் கலந்து, "அசலில் இப்படி, இப்போது அப்படி" என்று அம்புக்குறி போட்டு வரைந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். வரைந்தவருக்கே மறு வருடம் அவை புரிவதில்லை.

வயர் கட்டை முழுவதும் கழற்றி மேசையில் போட்ட பின்னர் வரையத் தொடங்குவதும் வீண் வேலையையே கூட்டும். ஒவ்வொரு கப்லரும் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்ரிக் இணைப்பியும்) எதனுடன் சேர்ந்திருந்தது, எந்த வயர் சும்மா தொங்கியது, எது சட்டகத்தின் எந்த ஆணியில் இறுக்கப்பட்டிருந்தது என்பவை வண்டியில் இருக்கும்போதே குறிக்கப்பட வேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுப்பது உதவும். ஆனால் மர நிழலிலோ மஞ்சள் மின்குமிழின் கீழோ எடுத்த படத்தில் சாம்பல் நிறமும் இளநீலமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், ஒவ்வொரு வயரிலும் எண்ணெழுதிய சிறு துண்டு ரேப்பைச் சுற்றிவிட்டுப் படம் எடுப்பதே பாதுகாப்பு.

நிறத்தை எங்கே பார்த்து எழுதுகிறோம் என்பது அடுத்த சிக்கல். பழைய ஹொண்டாக்கள் பலவற்றில் முன் லைற்றின் கிண்ணத்துக்குள்தான் பெரும்பாலான இணைப்புகள் குவிந்து கிடக்கும். கிரவல் வீதிகளில் ஓடிய வண்டியில் அந்தக் கிண்ணத்தைத் திறந்தால், செம்புழுதி எண்ணெயோடு சேர்ந்து எல்லா வயர்களுக்கும் ஒரே மண்ணிறத்தைப் பூசியிருக்கும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு ஆகிய மூன்றும் அங்கே மண்ணிறமாகவே பதிவாகிவிடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்த பிறகும் ஐயம் இருந்தால், வெயில் படாத இடத்தில், அதாவது பெற்றோல் தாங்கியின் கீழே சுற்றிய ரேப்பை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உரித்து உள்ளே இருக்கும் நிறத்தைப் பார்க்க வேண்டும். அப்படி உரிக்கும்போதுதான் வேறொன்றும் வெளிப்படும்: முன்னால் கறுப்பாகப் புறப்பட்ட வயர், நடுவில் வீட்டு வயரிங்குக்குரிய சிவப்பு வயரோடு முறுக்கி ஒட்டப்பட்டு, பின்னால் மீண்டும் கறுப்பாக வெளியே வரும். இரு முனைகளையும் மட்டும் பார்த்தவர் அதை ஒரே கறுப்புக் கோடாக வரைந்துவிடுவார். மழை நீர் புகுந்து பச்சைப் பொடியாகிப் போவதோ அந்த நடு முறுக்கு. படத்தில் காட்டப்படாத அந்த இணைப்பைப் பழுது தேடும்போது யாரும் நினைப்பதில்லை.

இரு நிற வயர்களில் அடிநிறத்தை முதலிலும் கோட்டு நிறத்தைப் பின்னரும் எழுதுவது வழக்கம். பச்சை/மஞ்சள் என்பதும் மஞ்சள்/பச்சை என்பதும் வேறு வேறு வயர்கள். கோடு தேய்ந்துபோன பச்சை/மஞ்சள் வயரை வெறும் பச்சை என்று எழுதினால், ஹொண்டாவில் பிரேக் லைற்றுக்குப் போகும் வயரை எர்த் (மின் சட்டகத்தின் வழியே பற்றரிக்குத் திரும்பும் வயர்) என்று பதிந்தவராவோம்.

நிறத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவு கம்பனிக்குக் கம்பனி மாறும். ஹொண்டாவில் பச்சை எர்த்; சிவப்பு பற்றரி நேர்முனை; சாவி போட்ட பின் மின் வருவது கறுப்பில். யமஹாவில் கறுப்பே எர்த். சாவி போட்ட பின் மின் வருவது கபிலத்தில். சுசூக்கியில் எர்த் கறுப்பு/வெள்ளை, சாவிக்குப் பின்னான மின் செம்மஞ்சள். நம்மூரில் வீட்டு மின் வேலையும் பார்த்து வண்டி வேலையும் பார்ப்பவர்கள் பலர். பழைய வீட்டு வயரிங்கில் கறுப்பு நடுநிலை வயராக இருப்பதால், ஹொண்டாவின் கறுப்பையும் "மின் இல்லாத வயர்" என்று எடுத்துக்கொண்டு சட்டகத்தில் இறுக்கிவிடுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் பியூஸ் போகிறது. பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பி இருந்தாலோ வயர்தான் எரியும். ஆகவே பியூஸ் இருக்கும் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதையும் படத்தில் உள்ளபடியே எழுத வேண்டும்.

எழுத்துச் சுருக்கங்களும் இதே பொறியைக் கொண்டவை. ஆங்கிலத்தில் "பி-எல்" என்ற இரண்டெழுத்து ஹொண்டாவின் கைநூல்களில் கறுப்பைக் குறிக்கும். நீலத்துக்கு அங்கே "பி-யு". சுசூக்கியின் படங்களிலோ அதே "பி-எல்" நீலம். யமஹாவில் நீலத்துக்குத் தனி "எல்" மட்டுமே. இரண்டு படங்களை ஒப்பிட்டு வரைபவர் சுருக்க அட்டவணையைப் பாராமல் நிறம் தீட்டினால், தவறு மிக அழகான நிறத்தில் தாளில் நிலைத்துவிடும். தமிழில் சுருக்கம் எழுதுவோரும் முதலெழுத்தோடு நிறுத்தக்கூடாது. கறு, கபி, மஞ், வெள், செம்மஞ் என்று எழுதினால் குழப்பம் வராது.

இனி மல்ரிமீற்றர். எந்த வயர் எங்கே போகிறது என்று பார்க்கத் தொடர்ச்சிச் சோதனையை வைத்து, "பீப்" என்று கேட்டதும் கோடு போடுவது பெருந்தவறு. அந்த ஒலி, இரு முனைகளுக்கும் இடையிலான தடை சில பத்து ஓம்களுக்குக் கீழே இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 12 வோல்ற் 10 வாற் சிக்னல் மின்குமிழ் எரியும்போது ஏறத்தாழ 14 ஓம் தடை கொண்டிருக்கும். குளிர்ந்திருக்கும்போது அது ஏறத்தாழ பத்திலொன்றாகக் குறைந்துவிடும். ஹொண்டாவில் செம்மஞ்சள் இடது சிக்னலுக்கும் இளநீலம் வலது சிக்னலுக்கும் போகின்றன. மீற்றர் முகப்பில் சிக்னலுக்கு ஒரேயொரு காட்டி விளக்கு உள்ள சிறிய வண்டிகளில், அந்த விளக்கு இந்த இரண்டு வயர்களுக்கும் நடுவிலேயே பொருத்தப்பட்டிருப்பது வழக்கம். அதனால் செம்மஞ்சளிலும் இளநீலத்திலும் மல்ரிமீற்றர் முனைகளை வைத்தால் ஒலிக்கும். அனுபவமில்லாதவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வரைவார். மக்னெற்றின் லைற் கொயில் வயரும் அப்படித்தான். அதற்கும் எர்த்துக்கும் இடையில் சுருளின் சிறு தடை மட்டுமே இருப்பதால் அதுவும் எர்த் போலவே ஒலிக்கும். கியர் நடுநிலையில் இருந்தால், நடுநிலை விளக்குக்குரிய இளம்பச்சை/சிவப்பு வயரும் எர்த்தாகவே தோன்றும். எனவே பற்றரியைக் கழற்றி, எல்லா மின்குமிழ்களையும் எடுத்து, கப்லர்களைப் பிரித்து, கியரைப் போட்டுவிட்டு, ஒலியை நம்பாமல் எண்ணைப் பார்த்தே அளக்க வேண்டும்.

சாவிச் சுவிச்சை ஒரு பெட்டியாக வரைந்து, அதிலிருந்து நான்கு நிறக் கோடுகளை இழுத்துவிட்டால் படம் முடிந்ததாக நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டிக்குள் நடப்பது தெரியாவிட்டால் படத்தால் பயனில்லை. மக்னெற்றிலிருந்து நேரடியாக மின் பெறும் சி.டி.ஐ. (பிளக்குக்குத் தீப்பொறி தரும் மின்னணுப் பெட்டி) கொண்ட ஹொண்டாக்களில், சாவியை மூடும்போது பற்றரிப் பக்கத்துச் சிவப்பும் கறுப்பும் பிரிகின்றன. அதே வேளையில் கறுப்பு/வெள்ளை வயர் எர்த்தோடு சேர்கிறது, அதனால்தான் இயந்திரம் நிற்கிறது. ஒரு பக்கம் பிரிதல், மறு பக்கம் சேர்தல். சாவியின் ஒவ்வொரு நிலைக்கும் எந்த வயரும் எந்த வயரும் சேர்கின்றன என்று சிறு அட்டவணையாகக் காட்டினால் மட்டுமே, "சாவியை மூடினாலும் வண்டி நிற்கவில்லை" என்று வருகின்ற பழுதைப் படத்தைப் பார்த்தே பிடிக்க முடியும். லைற் சுவிச்சுக்கும் டிம் சுவிச்சுக்கும் இதே அட்டவணை வேண்டும்.

ஆடல் மின்னோட்டம் ஓடும் வயரையும் நேர் மின்னோட்டம் ஓடும் வயரையும் வேறுபடுத்தாமல் விடுவதும் பின்னர் வருபவரைத் தடுமாற வைக்கும். லைற் கொயிலிலிருந்து முன் லைற்றுக்குப் போகும் மஞ்சள் வயரின் பக்கத்தில் ஒரு சிறு அலைக்குறி இட்டால் போதும். பல சிறிய 6 வோல்ற் வண்டிகளில் வோல்ற்றை மட்டுப்படுத்தும் தனி ரெகுலேற்றர் கிடையாது. முன் லைற் இழுக்கும் மின்னே வோல்ற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கும். முன் மின்குமிழ் எரிந்து போனால் பின் மின்குமிழும் தொடர்ந்து போவது அதனால்தான். இவ்வாறான வண்டியின் படத்தில் மின்குமிழின் வாற் அளவை எழுதாமல் விடக்கூடாது.

எர்த்துக்குக் குறியீடு மட்டும் போட்டு ஒதுங்கிவிடுவது பாடப்புத்தகத்துக்குப் போதும். துருவேறிய, மேலே பெயின்ற் அடித்த சட்டகத்துக்குப் போதாது. பச்சை வயர்கள் ஒவ்வொன்றும் எந்த ஆணியில் முடிகின்றன என்பதை வரைய வேண்டும். 1960களின் பிரித்தானிய வண்டி யாரிடமாவது இருந்தால் இன்னும் கவனம் தேவை: அவற்றுள் பல, பற்றரியின் நேர்முனையைச் சட்டகத்தில் இணைத்தவை, பலவற்றில் சிவப்பு வயரே எர்த்.

தாளில் வரையும்போது வெள்ளை வயர் காணாமற் போகும். மஞ்சளும் பாதி மறையும். அவற்றின் கீழே சற்றுத் தடித்த சாம்பல் கோட்டை வைத்து மேலே நிறத்தை வரைவது எளிய வழி. கணினியில் இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் வரைபவர், அடிநிறத்துக்குத் தடித்த கோடும் அதன்மேல் கோட்டு நிறத்துக்கு மெல்லிய துண்டுக் கோடும் இட்டால் இரு நிற வயர் வண்டியில் இருப்பது போலவே தெரியும். இரு கோடுகள் வெட்டும் இடத்தில் இணைப்பு இருந்தால் புள்ளி, இல்லையென்றால் புள்ளி இல்லை. இதை ஓரிடத்தில் தவறவிட்டாலும் முழுப் படமும் நம்பகம் இழக்கும். கப்லரை வயர் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தோமா, பொருந்தும் முகத்திலிருந்தா என்று எழுதாவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும்.

நிறம் இருக்கிறதே என்று எழுத்துக் குறியை விட்டுவிட வேண்டாம். படத்தைக் கேட்டு வருபவர் கொப்பிக் கடையில் கறுப்பு வெள்ளைப் பிரதி எடுப்பார். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வரும், அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத கண்ணுடையவர்களும் இருக்கிறார்கள். அளந்து உறுதிப்படுத்தாத வயரைப் பென்சில் கோடாகவே விட்டு, பக்கத்தில் கேள்விக்குறி இடுவது நல்லது. அந்தப் பென்சில் கோடுகள் தீரும்வரை படத்தை லமினேற் செய்யக் கொடுக்க வேண்டாம். கொடுத்த பின் திருத்த இடமிருக்காது, புதிய படம்தான் வரைய வேண்டியிருக்கும்.