வெளிநாடு போகும் டீச்சரா நீங்கள்? வகுப்பையும் கூட்டிக்கொண்டு போவது எப்படி?

பள்ளி நடக்கிற நாளில் வெளிநாடு போகிறீர்கள். திரும்பி வந்து நூறு போட்டோவை ஸ்மார்ட் போர்டில் ஓட்டினால், ஐந்தாவது போட்டோவிலேயே மூன்றாம் வகுப்புப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்க ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் கேட்டதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், கடைசிவரை உட்கார்ந்து கேட்பார்கள். நான் ஜப்பான் போனதை வைத்து எழுதுகிறேன். எந்த நாட்டுக்கும் முறை இதுதான்.

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் பயணத்துக்குத் துறை அனுமதி வேண்டும். அந்தத் தாள் வேலையைச் சீக்கிரமே தொடங்கிவிடுங்கள்.

1. கேள்வி வாங்குங்கள்

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஓர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வகுப்பில் வையுங்கள். எழுத வராத சின்னப் பிள்ளைகள் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிப் போடுங்கள். "எனக்கு என்ன வாங்கிட்டு வருவீங்க?" என்பதை மட்டும் முதலிலேயே தள்ளிவிடுங்கள். எங்கள் பெட்டியில் விழுந்தவற்றில் சில:

"டீச்சர், அங்ஙன காக்கா உண்டா?"
"அவங்க பாயில படுப்பாங்களா, கட்டில்லயா?"
"துட்டுல ஓட்டை இருக்குமாமே, நெசமாவா டீச்சர்?"

கண்ணால் பார்த்தே பதில் சொல்ல முடிகிற கேள்விகளாகப் பொறுக்குங்கள். "ஜப்பான் எப்படி முன்னேறிச்சு?" என்று ஐந்தாம் வகுப்புக் கெட்டிக்காரன் ஒருத்தன் கேட்பான். அவனை நூலகத்துக்கு அனுப்புங்கள். ஏழெட்டுக் கேள்வி தாராளம்.

2. இரண்டு கடிகாரம்

அட்டையில் இரண்டு கடிகாரம் செய்து சுவரில் மாட்டுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்குக் காலை பத்து என்றால் அங்கே மதியம் ஒன்றரை. தினமும் ஒரு பிள்ளை முள்ளைத் திருப்பட்டும். எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் மேலப்பாளையம், ஏர்வாடிப் பக்கம் வாப்பா துபாயில் இருக்கிற பிள்ளைகள் இதில் புலிகள். அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பது போன் பேசியே அவர்களுக்குத் தெரியும். அவர்களையே சொல்லித்தர விடுங்கள்.

3. ஒரு நாளைக்கு ஒரு குரல், ஒரு படம்

வீடியோ காலை நம்பாதீர்கள். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சிக்னல் போனால் வகுப்பு கலைந்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் பேசி, ஒரே ஒரு படத்தோடு, கூட வேலை பார்க்கும் டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அங்கே இரவு எட்டுக்கு அனுப்பினால் இங்கே மாலை நாலரை. மறுநாள் காலை அவர் போட்டுக் காட்டுவார். படத்தில் அளவு தெரிய உங்கள் கையோ பேனாவோ இருக்கட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளின் முகத்தை எடுக்காதீர்கள்.

இப்படிப் பேசலாம்:

"பிள்ளைகளா, காக்கா உண்டு! நம்ம காக்காவைவிடப் பெருசு. கழுத்துல சாம்பல் நிறம் கிடையாது, முழுக்கக் கறுப்பு, அலகு தடியா இருக்கு. குப்பைப் பையைக் கொத்திக் கிழிச்சிரும்னு பை மேல வலை போட்டு மூடி வச்சிருக்காங்க. நம்ம தெருவுல குப்பையை யாரு கிளறுறாங்கன்னு நாளைக்குப் பார்த்துட்டு வாங்க."

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்க வேண்டும்.

4. வந்த பிறகு அளக்க விடுங்கள்

பாய்க் கேள்விக்குத்தான் எங்கள் வகுப்பில் அதிக நேரம் போனது. ஜப்பானில் பாரம்பரிய அறைகளில் தரையே பாய்தான். தத்தாமி என்று பெயர். மேற்புறம் இகுசா என்ற கோரை மாதிரிப் புல்லில் நெய்தது. இரவில் அதன்மேல் மெத்தை விரித்துப் படுத்து, காலையில் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஒரு தத்தாமி சுமார் 180 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அறையின் அளவையே "ஆறு பாய்", "எட்டுப் பாய்" என்றுதான் சொல்வார்கள்.

பழைய செய்தித்தாளை ஒட்டி அதே அளவில் வெட்டச் சொல்லுங்கள். பிறகு வகுப்பறை எத்தனை பாய் என்று தரையில் போட்டுப் பார்க்கட்டும். இருபதுக்கு இருபது அடி அறை என்றால் பரப்பளவுக் கணக்கில் ஏறக்குறைய 23 பாய். ஓரத்தில் முழுப்பாய் கொள்ளாமல் மிச்சம் விழும், அதை எண்ணுவதா வேண்டாமா என்று சண்டை வரும். வரட்டும், பரப்பளவுப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தில் ஒரு பத்தமடைப் பாயை விரித்து விரலால் தடவிப் பார்க்க விடுங்கள்.

5. பையில் என்ன கொண்டுவரலாம்?

ஐந்து யென் நாணயம், பிள்ளைக்கு ஒன்று. நடுவில் ஓட்டை, அதைச் சுற்றிப் பல்சக்கரம், கீழே தண்ணீரைக் காட்டும் கோடுகள், மேலே வளைந்த நெற்கதிர். மதிப்பை அவர்கள் எழுத்திலேயே போட்டிருப்பார்கள்; "5" என்ற இலக்கத்தைத் தேடினாலும் கிடைக்காது. காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எல்லாம் பதிந்து வரும். கதிர் எது என்று அம்பாசமுத்திரத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதை, அரிசி, பழம் மட்டும் வேண்டாம். விமான நிலையத்தில் வீண் தொல்லை.

6. தபால் அட்டை

போன முதல் நாளே வகுப்பின் பெயருக்கு ஓர் அட்டை போடுங்கள். முகவரியை ஆங்கிலப் பெரிய எழுத்தில், பின்கோடோடு (எங்கள் நெல்லைப் பக்கம் 627-இல் தொடங்கும்), கடைசியில் இந்தியா என்று எழுதினால் போதும். பெரும்பாலும் நீங்கள் வந்த பிறகுதான் வந்து சேரும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அலுவலகக் கோப்புக்குள் போய்விடும்.