விளம்பர மின்னஞ்சலில் படங்களுக்கு மாற்று உரை எழுதும் முறை

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையோ, இளம்பிள்ளைச் சேலைக் கடையோ, ஏற்காட்டுக் காப்பித்தூள் வியாபாரமோ, விளம்பர மின்னஞ்சல் என்றதும் முதலில் தயாராவது ஒரு போஸ்டர்தான். விலை, தள்ளுபடி, கடைசித் தேதி, முகவரி எல்லாம் அந்த ஒரே படத்துக்குள் அடைக்கப்பட்டு, அச்சகத்துக்குப் போன வடிவமே மின்னஞ்சலிலும் ஒட்டப்படுகிறது. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் டாக்பேக், வாய்ஸ்ஓவர், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களின் துணையோடு மின்னஞ்சலைக் கேட்கும் பார்வை மாற்றுத்திறனாளிக்கு, படத்தில் இருப்பதைச் சொற்களால் சொல்லும் மாற்று உரை அந்தப் படத்தோடு சேர்க்கப்படாவிட்டால், ‘படம்’ என்ற ஒற்றைச் சொல்லோ கோப்பின் பெயரோ மட்டுமே காதில் விழக்கூடும்.

இதை நான் உணர்ந்தது ஒரு ஆடித் தள்ளுபடியின்போது. ஒரு சேலைக் கடைக்காக நான் தயாரித்த மின்னஞ்சலில் மாற்று உரையே சேர்க்காமல் விட்டிருந்தேன். மறுநாள் காலையில் ஓர் அம்மா கடைக்குப் போன் செய்து, “படம்னு மட்டும்தாங்க சொல்லுது, மகளுக்கு எடுக்கணும், என்ன சேலை, என்ன வெலைன்னு சொல்லுங்க” என்று கேட்டார். போனை எடுத்த விற்பனையாளர் சற்றும் தயங்காமல், “உடல் அரக்குங்க, கரை மஞ்சள், முந்தியில கட்டம் போட்டிருக்கும், பிளவுஸ் உள்ளேயே இருக்குங்க, 1,450 ரூபாய்” என்றார். நான் எழுதியிருக்க வேண்டிய மாற்று உரையை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அன்று முதல், போனில் கேட்பவருக்குக் கடைக்காரர் என்ன சொல்வாரோ அதையே எழுதுவது என் வழக்கமாயிற்று.

எழுதத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. போஸ்டரில் உள்ள சொற்களைப் படத்திலிருந்து வெளியே எடுத்து, மின்னஞ்சலின் உடலில் சாதாரண எழுத்தாகத் தட்டச்சு செய்துவிட வேண்டும். இணைய உள்ளடக்க அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல்கள், 2008இல் வெளியான 2.0 பதிப்பிலிருந்தே இதை வலியுறுத்துகின்றன: எழுத்தால் சொல்லக்கூடியதை எழுத்தாகவே தர வேண்டும், எழுத்தைப் படமாக்கக் கூடாது. இதனால் பயன் பெறுவோர் பார்வையற்றவர்கள் மட்டுமல்லர். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் முதியவர்களுக்கும், இணையப் படங்களைத் தானாக இறக்காமல் நிறுத்திவைக்கும் அவுட்லுக் கணினிச் செயலியில் படிப்பவர்களுக்கும், ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சிக்னல் போய்விட்டவர்களுக்கும் விலையும் தேதியும் கிடைத்துவிடும். போஸ்டரை நான்கு துண்டுகளாக வெட்டி அடுக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது; அதை அடியோடு விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் ஒவ்வொரு துண்டும் தனிப் படமாக வாசிக்கப்பட்டு, கேட்பவருக்குத் தலையும் வாலும் புரியாமல் போகும்.

சொற்கள் வெளியே வந்த பிறகு எஞ்சும் ஒவ்வொரு படத்திடமும், அது அங்கே எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பொருளைக் காட்டும் படமென்றால், வாங்குபவர் முடிவெடுக்கத் தேவையானவற்றை ஒன்றிரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். கொலுசுப் படத்துக்கு ‘அழகிய கொலுசு’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ‘இரண்டு வரிசை முத்துகள் கோத்த வெள்ளிக் கொலுசு, ஓரம் முழுவதும் சிறு சலங்கைகள், திருகாணிப் பூட்டு’ என்று எழுதினால் கேட்பவர் மனத்தில் கொலுசு உருவாகிவிடும். எடையும் விலையும் படத்துக்குக் கீழே விளக்க வரியாக ஏற்கெனவே இருந்தால் அவற்றை மாற்று உரையில் திரும்ப எழுத வேண்டாம். ஒரே செய்தியை இருமுறை கேட்பது சலிப்பூட்டும். ‘இது ஒரு படம்’ என்று தொடங்கவும் வேண்டாம், படம் என்பதைத் திரைவாசிப்பானே அறிவித்துவிடும்.

அழுத்தினால் வேறு பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் படம் என்றால் தோற்றத்தை விடச் செயலே முக்கியம். வாட்ஸ்அப் சின்னத்துக்கு ‘பச்சை வட்டத்தில் போன்’ என்று எழுதாமல், ‘வாட்ஸ்அப்பில் கடையுடன் பேச’ என்று எழுதுங்கள். கோலக் கரை, பூ வேலைப்பாடு, பிரிப்புக் கோடு போன்ற வெறும் அலங்காரங்களுக்கு மாற்று உரையை வெறுமையாக அமைக்க வேண்டும். இங்கே பலர் தவறும் நுட்பம் ஒன்று இருக்கிறது. மின்னஞ்சலை வடிவமைக்கும் எச்டிஎம்எல் குறிமுறையில், மாற்று உரைக்கு உரிய ‘ஆல்ட்’ (alt) என்னும் பண்பை எழுதி, அதன் மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றும் இடாமல் விடுவது, ‘இதைத் தாண்டிச் செல்’ என்று திரைவாசிப்பானுக்குச் சொல்வதாகும். அந்தப் பண்பையே எழுதாமல் விட்டுவிட்டால், நீளமான கோப்புப் பெயர் எண்ணெண்ணாக வாசிக்கப்பட நேரலாம். மின்னஞ்சலை எத்தனை பேர் திறந்தார்கள் என்று கணக்கிடுவதற்காக அஞ்சல் சேவைகள் வைக்கும் ஒரு புள்ளியளவுப் படத்துக்கும் ஆல்ட் பண்பை இப்படி வெறுமையாகவே எழுத வேண்டும்.

தமிழில் எழுதுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. அந்தக் கோப்பிலிருந்து வரிகளை நகலெடுத்து மாற்று உரையில் ஒட்டினால், எழுத்துரு கூடவே வராது. தமிழ் என்று நாம் நினைப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக உதிர்ந்து கிடக்கும், திரைவாசிப்பானும் அவற்றை அப்படியே வாசிக்கும். எனவே மாற்று உரையை யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள், அல்லது பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் மாற்றியில் இட்டு, வந்ததை ஒருமுறை படித்துப் பாருங்கள். அடுத்து, மின்னஞ்சலின் மொழி தமிழ் என்பதை, குறிமுறையில் மொழியைக் குறிக்கும் ‘லாங்’ (lang) பண்பில் குறிப்பிடுங்கள். தமிழ்க் குரல் நிறுவப்பட்டுள்ள கருவி அதைப் பார்த்து உரிய குரலுக்கு மாறிக்கொள்ளக்கூடும். ‘ரூ.1450/-’ போன்ற சுருக்கங்கள் குரலுக்குக் குரல் வேறு விதமாக ஒலிப்பதால், ‘1,450 ரூபாய்’, ‘250 கிராம்’ என்று முழுமையாக எழுதுவதே நலம். குறிமுறையில் நேரடியாக எழுதும்போது இரட்டை மேற்கோள் குறியைத் தவிர்த்துவிடுங்கள், அது மாற்று உரையைப் பாதியில் வெட்டிவிடும்.

படம் இறங்காதபோது மாற்று உரை பல செயலிகளில் கண்ணுக்கும் தெரியும். படத்தின் பின்னணி நிறத்தோடு எழுத்து கலந்துவிடாதபடி, குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாட்டில் அதற்கு நிறமும் அளவும் கொடுக்கலாம்.

அனுப்புவதற்கு முன் உங்களுக்கே ஒரு சோதனை மின்னஞ்சலை அனுப்பிக்கொண்டு, ஜிமெயில் அமைப்பில் வெளிப்புறப் படங்களைக் காட்டுவதற்கு முன் கேட்கும்படி மாற்றி, படமே இல்லாமல் படித்துப் பாருங்கள். பிறகு ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கை இயக்கி, திரையைப் பார்க்காமல், விரலை வலப்பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கடைசி வரை கேளுங்கள். கணினியில் என்றால் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவை நிறுவி, உலாவியில் மின்னஞ்சலைத் திறந்து, ஆங்கில ‘ஜி’ விசையை அழுத்தினால் படம் படமாகத் தாவிச் செல்லலாம். முடிந்தால், திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் வாடிக்கையாளர் ஒருவரிடம் அந்தச் சோதனை மின்னஞ்சலைக் கொடுத்து, பொருள் என்ன, விலை என்ன, கடைசித் தேதி எது, வாங்க எங்கே அழுத்த வேண்டும் என்று கேளுங்கள். அவர் எந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறாரோ அந்தப் படத்தின் உரையைத் திருத்திய பிறகே அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள்.